மரத்தில் ஒரே ஒரு ஆப்பிள்

முழுதும் தின்று முடித்த பிறகுதான் இங்வில்டுக்குச் சுரணை வந்தது. கையில் மிஞ்சியது காம்பு மட்டும்.

பழுத்துவிட்டதா என்று பார்க்கத்தான் தொட்டாள். தொட்டதுமே விழுந்து, கல்லில் பட்டுப் பிளந்தது. வீணாகப் போகிறதே, ஒரு வாய் ருசி பார்ப்போம் என்று கடித்தாள். ஒரு வாயோடு நிற்க முடியவில்லை.

ஹார்டாங்கர் மலைச்சரிவில் வேறு ஆப்பிளா இல்லை? ஆனால் இது அவளுடைய ஆப்பிள். மரம் கன்றாக இருந்தபோதே இலையைக் கிள்ளி, மரபணுவைப் படித்து, "இதன் பழம் தேனாக இனிக்கும்" என்று கணித்திருந்தாள். மரம் இந்த வருடம்தான் காய்த்தது. அதுவும் ஒன்றே ஒன்று. அதை ருசி பார்க்க ஆராய்ச்சி நிலைய இயக்குநர் ஹால்வார் மதியப் படகில் வருகிறார். கணிப்பு பலிக்காவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

கடைக்கு ஓடினாள். அதே சிவப்பில் ஒன்றை வாங்கி வந்து பச்சை நூலால் கிளையில் கட்டினாள். தள்ளி நின்று பார்த்தால், பழத்தின் நெற்றியில் கடை ஸ்டிக்கர்! சுரண்டினாள். ஸ்டிக்கரோடு தோலும் போனது. அந்தப் பக்கத்தை மலையைப் பார்க்கத் திருப்பிவிட்டாள்.

ஹால்வார் முந்தின படகிலேயே வந்து இறங்கிவிட்டார்.

"எங்கே நம்ம ராஜகுமாரி?"

"இன்னும் பழுக்கல ஹால்வார். அடுத்த வாரம் பார்க்கலாமே?"

"கன்னம் செவந்து நிக்குது, பழுக்கலைங்கறே!"

வெடுக்கென்று பறித்துக் கடித்தார். அறுந்த நூல் அவர் தாடியில் தொங்கியது. கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா! நீ சொன்னது அப்படியே பலிச்சிருக்கு. இப்பவே விவசாயிகள் சங்கத்துக்குச் சொல்லிடறேன்!" என்று போனை எடுத்தார்.

இங்வில்டுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பேசாதீங்க! அது கடைப் பழம். நிஜப் பழத்தைக் காலையில நானே தின்னுட்டேன்."

ஹால்வார் தாடியிலிருந்து நூலை உருவிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "தின்னியே, எப்படி இருந்துது?"

"சத்தியமா தேன்! அப்படி ஒரு பழத்தை நான் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல."

"அப்புறம் என்ன, கணிப்பு பலிச்சாச்சு!" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது.

ஏணியோடு வந்த தோட்டக்காரர் ஓட்வார் அப்படியே நின்றார்.

"இந்த மரத்துப் பழத்தையா சொல்றீங்க? அதை வெள்ளிக்கிழமையே பறிச்சு ஃபிரிட்ஜ்ல பத்திரமா வெச்சிருக்கேனே! மத்த மரங்களுக்குப் போகாம பறவைங்களை ஏமாத்தத்தான் கடைப் பழம் ஒண்ணை இங்க கட்டித் தொங்கவிட்டேன். ஒரு பறவைகூட ஏமாறல!"