ஆழிச்சாமி அலை அழைத்த கதை

கடலுக்குக் காது உண்டு என்ற உண்மை எழுபத்தாறாம் வருஷம் வைகாசியில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் ஆழிச்சாமி. திருச்செந்தூருக்குத் தெற்கே சங்குமுனை என்ற கடற்கரைக் கிராமத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் மேல் ஏறி நின்று அவர் சங்கு ஊதுவார். ஊதிய கொஞ்ச நேரத்தில் ஆள் உயர அலைகள் மூன்றோ நான்கோ வரிசையாக வந்து விழும். பிறகு கடல் அடங்கிக் கிடக்கும். சாமி மறுபடி ஊதுவார். மறுபடி வரும். நாய்க்குட்டிகூட இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்காது.

அடுத்த வருஷம் ஆனிக்குள் சங்குமுனைக்கு ஸ்பெஷல் பஸ் விட வேண்டியதாயிற்று. தாமிரபரணிக் கரை ஊர்களில் நாற்று நட வேண்டிய கைகள் எல்லாம் இங்கே வந்து கும்பிட்டுக்கொண்டிருந்தன. சாமி அழைத்து வந்த அலை காலில் பட்டால் பிள்ளை பிறக்குமாம். வழக்கு ஜெயிக்குமாம். பையனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைக்குமாம். காலில் பட்டால் போதாது என்று நினைத்தவர்கள் உப்புத் தண்ணீரைப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு போனார்கள். கடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கடல் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிய கூட்டம், உலகத்திலேயே நம் கூட்டமாகத்தான் இருக்கும்.

சாமியைப் பற்றி ஒரு சிறு விவரம் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழையோடு எங்கேயோ போய்விடுவார். தையில் திரும்பி வந்து சித்திரை முடியும் வரை மௌன விரதம். பேசவும் மாட்டார், ஊதவும் மாட்டார். அந்த மாதங்களில் சங்குமுனைக் கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடக்கும். சாமியின் விரதத்தைக் கடலும் சேர்ந்து அனுஷ்டிக்கிறது என்று பக்தர்கள் உருகினார்கள். எது முந்தி, எது பிந்தி என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கா பஸ் ஏறி வந்தார்கள்?

சங்குமுனை மீனவர்கள் மட்டும் பாறைப் பக்கம் வந்து கும்பிடவில்லை. ஜேசுபாதமும் அவர் கூட்டாளிகளும் கட்டுமரத்தில் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சில சமயம் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சுக்குக் காபியும் பொரித்த மீனும் விற்றார்கள். பக்தி வளர வளர மீன் நன்றாகப் போயிற்று.

சாமியின் பக்தர்களில் முதல்வர், தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்த சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. அண்ணாச்சி நல்ல மனிதர். தராசுத் தட்டில் ஒரு குன்றிமணி கூடுதலாக விழுந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். காவி வேட்டியைக் கண்டால் மட்டும் அந்தக் கண் மூடிக்கொள்ளும். முடி வெட்டுவதற்குக்கூட சாமியிடம் நாள் கேட்டார்.

அந்த வருஷம் வைகாசியில் அவருடைய லாட்ஜுக்கு கீத் என்ற ஆஸ்திரேலியாக்காரன் வந்து சேர்ந்தான். கையில் ஒரு நீளமான பலகை. தெருவில் சிலர் இஸ்திரிப் பலகை என்றார்கள், சிலர் சவப்பெட்டி மூடி என்றார்கள். அவன் அதைச் சங்குமுனைக்குத் தூக்கிக்கொண்டு போய், அலை எழும்பும்போது அதன் மேல் ஏறி நின்று, சறுக்கிக்கொண்டே கரைக்கு வந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாமி சங்கு ஊதியதும் அவன் தயாராகிவிடுவான். அலை ஏறியதும் பாறையைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்துவான். வெள்ளைக்காரனே சாமிக்கு அடிமை என்று செய்தி ஏரல் வரைக்கும் பரவியது.

ஒரு நாள் அவன் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி கேட்டான். அடுத்த வருஷம் கூட்டாளிகளோடு வரப் போகிறானாம். எல்லோரும் பலகைக்காரர்கள். எந்த மாதம் வந்தால் நல்ல அலை இருக்கும்? சாதாரணக் கேள்வி. அண்ணாச்சி அதைத் தூக்கிக்கொண்டு நேரே சாமியிடம் ஓடினார்.

சாமி கண்ணை மூடினார். திறந்தார். "மாசம் பாக்கது மனுசன் வேலைல்லா. நமக்கு இங்கன ஒரு பீடம் அமைஞ்சிட்டா, வருசம் பூரா அலை. எந்த மாசமும் வரலாம்னு சொல்லிரு."

வருஷம் பூரா அலை என்றால் வருஷம் பூரா வெள்ளைக்காரன். வருஷம் பூரா லாட்ஜ் நிரம்பும். அண்ணாச்சியின் மனக்கண்ணில் மாடிக்கு மேல் மாடி எழும்பியது. பீடத்துக்கு இடமும் சாமியே பார்த்து வைத்திருந்தார். முனையை ஒட்டிய பனந்தோப்பு. நிழல், நல்ல தண்ணீர்க் கிணறு, காற்று. ஞானிகளுக்கு இடம் பார்க்க ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தோப்பு அண்ணாச்சியின் மனைவி அருணாசலவடிவுக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. அவள் கையெழுத்துப் போட்டால் தோப்பு சாமிக்கு.

வடிவு மாட்டேன் என்றாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தத் தோப்பு ஒன்றுதான். அண்ணாச்சி கெஞ்சினார், கோபப்பட்டார், பிறகு வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்தார். கையெழுத்துப் போடாவிட்டால் தானும் காவி கட்டிக்கொண்டு சாமியோடு போய்விடுவதாகச் சொன்னார். வடிவுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தோப்பா, புருஷனா என்று ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்பது எந்த ஊர் பக்தி என்று அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் ஒரு காரியம் செய்தாள். தானும் பஸ் ஏறிச் சங்குமுனைக்குப் போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்தாள்.

கூட்டம் சாமியைப் பார்த்தது. வடிவு கடலைப் பார்த்தாள்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்கு அடியில் ஒரு பாறைத்திட்டு. அந்த ஊரில் அதைப் பார் என்பார்கள். பெரிய அலை வரும்போது முதலில் அந்தப் பார் மேல் வெள்ளை நுரை எழும்பும். பிறகுதான் அலை கரைக்கு வரும். உயரத்தில் நிற்பவனுக்கு அது நன்றாகத் தெரியும். நுரை எழும்பிய பிறகுதான் சாமியின் சங்கு வாய்க்குப் போனது. மூன்று நாள் போய்ப் பார்த்தாள். ஒரு தடவைகூட முந்திப் போகவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். சாமியைச் சந்தேகப்படுகிறவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

"சரி," என்றாள் வடிவு. "கையெழுத்துப் போடுதேன். ஞாயித்துக்கிழமை சாமி முன்னால, எல்லாரும் பாக்கப் போடுதேன்."

அன்றைக்குச் சங்குமுனையில் நிற்க இடமில்லை. ஞாயிறு என்பதால் மீனவர்களும் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தார்கள். சாயங்கால வெயிலில் சாமி பாறை மேல் நின்றார். பக்கத்தில் சீடன் சொரிமுத்து, குஞ்சம் வைத்த குடையைப் பிடித்துக்கொண்டு. அண்ணாச்சி பத்திரத்தைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு ஏந்தி நின்றார்.

வடிவு கும்பிட்டாள். "தோப்பு சாமிக்குத்தான். ஒரே ஒரு ஆசை. சாமி எப்பவும் கடலப் பாத்தே நிக்கிய. நாங்க முதுகப் பாத்தே கும்பிடுதோம். இன்னைக்கு எங்களப் பாத்து நின்னு, முகதரிசனம் குடுத்துக்கிட்டே அலையக் கூப்பிடணும்."

பெண்கள் கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அவர்களுக்கும் அந்த ஆசை ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. சாமி ஒரு நிமிஷம் தாடியைத் தடவினார். சொரிமுத்துவைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். சொரிமுத்து அவருக்கு எதிரில் வந்து நின்று குடையைப் பிடித்தான்.

சற்று நேரத்தில் குடை லேசாகத் தாழ்ந்தது. சாமி சங்கு ஊதினார். அலை வந்தது. ஆள் உயரத்துக்கு, வரிசையாக.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அண்ணாச்சி கண்ணீர் விட்டார். தான்தான் தப்போ என்று வடிவுக்கே ஒரு கணம் தோன்றியது. தோப்பு போயிற்று என்றே நினைத்தாள். அண்ணாச்சி பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். மேற்கே இறங்கிய வெயில் சாமியின் முகத்தில் நேராக அடித்தது. குடை உச்சந்தலைக்கு மேல் நின்றது. நிழல் விழாத இடத்தில் ஒருவன் எதற்காகக் கைவலிக்கக் குடை பிடிக்க வேண்டும்? சொரிமுத்துவின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். சாமியின் தோளுக்கு மேலே, கடலில். சங்குக்கு முந்திக் குடை தாழ்ந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

வடிவு பேனாவைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் பாறை மேல் ஏறினாள். "கையெழுத்துக்கு முந்தி ஒரு கைங்கரியம் பண்ணிக்கிடுதேன். தம்பி, எவ்வளவு நேரம்தான் நீ நிப்ப. குடைய எங்கிட்டத் தா. கீழ போயி ஒரு சுக்குக் காபி குடி."

தோப்பையே கொடுக்கிறவள் குடை பிடிக்கக் கூடாதா என்று கூட்டமே பரிந்து பேசியது. சாமி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. சொரிமுத்து இறங்கிப் போனான். ஜேசுபாதம் அவனை அன்போடு பிடித்துக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, கையில் காபியைக் கொடுத்தார்.

இப்போது வடிவு கடலைப் பார்த்து நின்றாள். பார் மேல் ஒரு துளி நுரை இல்லை. குடையை மெல்லத் தாழ்த்தினாள். குஞ்சம் சாமியின் நெற்றியில் உரசியது.

சாமி உடனே சங்கு ஊதினார்.

கடல் சும்மா கிடந்தது. கீத் பலகை மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டான். வடிவு மறுபடி குடையைத் தாழ்த்தினாள். சாமி மறுபடி ஊதினார், இந்தத் தடவை கன்னம் புடைக்க. கரையில் ஒரு கோழி மட்டும் பயந்து ஓடியது.

கூட்டத்தில் முணுமுணுப்பு. அப்போது பார் வெளுத்தது. வடிவு குடையை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டாள். பின்னால் வருவது தெரியாத சாமி, பெண் கை பட்ட குடைக்குக் கீழே நின்றதால் கடலுக்குக் கோபம் என்றும், இனி ஒரு வாரத்துக்கு ஓர் அலையும் வராது என்றும் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கு வராது என்று சொல்லி முடிக்கவும், பெரிய அலை பாறையில் மோதிச் சாமியின் தலைக்கு மேல் விழவும் சரியாக இருந்தது. சாமி உட்கார்ந்துவிட்டார். சங்கு உருண்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கடல் மாதாவே சாமிக்கு அபிஷேகம் பண்ணுகிறாள் என்றார். நம்பிக்கை என்றால் அது நம்பிக்கை.

"அபிஷேகம் பண்ண வாரது சாமிக்கே தெரியலியே," என்றாள் வடிவு. சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாரும் அந்தா தெரியிற பாரப் பாருங்க. இவரப் பாக்காண்டாம். அங்கன வெள்ள தெரிஞ்சதும் வான்னு சொல்லுங்க. சங்கும் வேண்டாம், காவியும் வேண்டாம்."

எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார் வெளுத்தது. வா என்று ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அலை வந்தது. அடுத்த தடவை கரையே சேர்ந்து வா என்றது. அலை வந்தது. அதற்குப் பிறகு குஞ்சும் குளுவானும் கூப்பிட ஆரம்பித்துவிட்டன. கடல் ஒருவரிடமும் தட்சிணை கேட்கவில்லை. கூட்டம் சிரித்த சிரிப்பில் சாமியும் சொரிமுத்துவும் எப்போது பஸ் ஏறினார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. குடை மட்டும் வடிவு கையில் நின்றுவிட்டது.

இதெல்லாம் உங்களுக்கு முதலிலேயே தெரியாதா என்று அண்ணாச்சி ஜேசுபாதத்திடம் பரிதாபமாகக் கேட்டார்.

"தெரியாம என்ன. யாரும் எங்ககிட்டக் கேக்கலியே," என்றார் ஜேசுபாதம். மீன் நன்றாக விற்றதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கரையேறிய கீத்துக்கு விஷயம் விளங்கவே நேரமாயிற்று. பெரிய அலை வருவதைப் பார்த்துச் சொல்ல ஊர்க்காரர்கள் பாறை மேல் ஓர் ஆளை வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அவன் நினைத்திருந்தானாம். நல்ல வேலைக்காரன், ஏன் அனுப்பிவிட்டீர்கள் என்று வருத்தப்பட்டான். அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்திருந்தால் ஆழிச்சாமி மரியாதையாகவே பிழைத்திருக்கலாம்.

அவனுடைய பழைய கேள்விக்கு வடிவே பதில் சொன்னாள். தெற்கேயிருந்து அலை புரண்டு வரும் ஆனி, ஆடி, ஆவணியில் வரலாம். தையில் வந்தால் பலகையை இஸ்திரி போடத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி இதை ஓர் எழுத்து மாறாமல் இங்கிலீஷில் சொன்னார். அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட்டார். இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கினார். பத்திரம் கிழிந்தது, தோப்பு நின்றது. மறு ஆனியில் அதன் நிழலில் பலகைக்காரர்களுக்குக் குடிசை போட்டவள் வடிவுதான்.

இப்போது தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சாமி காற்றை அழைக்கிறாராம். கூப்பிட்ட உடனே வருகிறதாம். ஆடி மாதம் மட்டும்தான் கூப்பிடுகிறாராம். ஸ்பெஷல் பஸ் விட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் போய் வாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அங்கே போனதும் அவர் முகத்தைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். அவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.