கோவிந்தராசு மாமா வாங்கிய பட்டம்

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாகப் போட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். தாய்மாமன் பெயரில் கைவைத்தால் தீர்ந்தது கதை. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் வைத்தேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. சேலத்தில் அச்சடிக்கக் கொடுத்திருந்த அக்காவின் பத்திரிகை சேலத்திலேயே மாட்டிக்கொண்டது. நான் அப்போது ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். (எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டரைத் தொட்டவன் நான் ஒருவன்தான். திமிருக்குக் கேட்கவா வேண்டும்!) நானே அடித்துத் தருகிறேன் என்று வாயை விட்டேன்.

அந்தக் காலத்து வேர்டு பிராசசருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பிளாப்பியில் இருக்கும் தமிழ் எழுத்துகளை முதலில் பிரிண்டருக்குள் ஏற்ற வேண்டும். அப்புறம் திரையில் இங்கிலீஷ் எழுத்தாக அடித்தால், தாளில் தமிழாக விழும். ஒரே நிபந்தனை, பிரிண்டரை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஏற்றிய தமிழையெல்லாம் மறந்துவிட்டுப் பழையபடி இங்கிலீஷ் பேச ஆரம்பித்துவிடும்.

பத்திரிகைகள் எல்லாம் ஜோராக வந்தன. மாமாவுக்கு மட்டும் மரியாதையாக இருக்கட்டும் என்று கெட்டி அட்டையில் கடைசியாக ஒன்று போட்டேன். அவருடைய மரியாதை அப்படி. அக்காவின் காதுகுத்துப் பத்திரிகையில் சித்தப்பாவுக்குக் கீழே பெயர் போட்டதற்காக, எங்கள் வீட்டு வாசலை அவர் வருஷக்கணக்கில் மிதிக்கவில்லை. அம்மா அழுது கெஞ்சித்தான் சமாதானம் ஆகியிருந்தது.

கெட்டி அட்டை, கடைசி வரியில் அவர் பெயருக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. பிரிண்டரை அணைத்தேன். அட்டையை நேராக்கினேன். மறுபடி பிரிண்டரைப் போட்டேன். மிச்சத்தை அடித்து முடித்தது. வாசலில் அம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு அவசரப்படுத்த, பார்க்காமலே கவருக்குள் செருகினேன். (புத்திசாலி!)

மாமாவின் ஊரான தியாகதுருகத்துக்கு அம்மாவைச் சைக்கிளில் வைத்து மிதித்தேன். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தூக்கித் தாண்டினோம். மாமா தட்டை வாங்கிக்கொண்டு, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். தன் பெயர் வந்ததும் நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். 'தாய்மாமன் கோவிந்த uhR' என்று இருந்தது. 'ராசு'வுக்காகத் திரையில் அடித்த இங்கிலீஷ் எழுத்து அப்படியே விழுந்திருந்தது.

"இன்னா மாப்ள, கோவிந்த வரிக்கும் சரி. அப்பால இன்னாமோ இங்கிலீசுல போட்டுக்கினு வந்திருக்குற?"

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு சண்டையை அவள் தாங்க மாட்டாள்.

"ப... பட்டம் மாமா."

"அஞ்சாங்கிளாசு பெயிலுக்கு இன்னாடா பட்டம்?"

"கம்ப்யூட்டர்ல அடிச்சா பெரியவங்களுக்கு அதுவே குடுக்குங்க மாமா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மாவையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்தை பக்கம் திரும்பி, அவள் பிறந்த வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு பட்டம் உண்டா என்று கேட்டார்.

கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு முதல் ஆளாக வந்து நின்றார் மாமா. பந்தியில் ஒரு வாத்தியார் அந்தப் பட்டத்துக்கு விளக்கம் கேட்டதற்கு, அது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பாயசம் கேட்டாராம். அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் பரீட்சையில் கோட்டை விட்டாலும், "பரவால்ல, மாமா பட்டம் வாங்கிடலாம்" என்பார்கள்.

ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"நீ முழிச்ச முழியிலயே தெரிஞ்சிது மாப்ள. உங்கம்மா அழுவாளேன்னு வாங்கிக்கினேன்" என்றார்.

போன வருஷம் மாமா தவறிப்போனார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அத்தை எழுதிக் கொடுத்த பெயர், 'கோவிந்தராசு uhR'. அச்சகத்துப் பையன் போன் பண்ணி, பின்னால் இருப்பது ஏதோ எழுத்து ஃபாண்ட் கோளாறு போலிருக்கிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். போனை அத்தையிடம் கொடுத்தேன்.

"அது எங்க வூட்டுக்காரரு வாங்கின பட்டம். இருக்கட்டும்" என்றாள் அத்தை.