சோப்பு டப்பா மைக்கும் அக்காவின் கல்யாணமும்

எனக்குப் பதினேழு வயதில் ஒரு வியாதி இருந்தது. அந்த வயதில் எல்லாப் பையன்களுக்கும் வருகிற வியாதி இல்லை. இது வயர் வியாதி. நன்றாக ஓடுகிற ரேடியோவைத் திறந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. திறந்த பிறகு அது ஓடாது என்பது வேறு விஷயம்.

ஆவடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறைகள். அதில் ஒரு மூலை என்னுடைய 'லேப்' (பெயர் நான் வைத்தது, அம்மாவுக்கு அது குப்பை மூலை). சனிக்கிழமை ஆனால் மின்சார ரயிலேறி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் பொட்டலம் பொட்டலமாக உதிரிப் பாகங்கள் வாங்கி வருவேன். ஈயம் உருகும்போது வருமே ஒரு வாசனை, இன்றைக்கும் ஏதாவது மொபைல் ரிப்பேர் கடையில் அது வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது.

அந்தக் காலத்தில் என் கைவரிசையில் உருவானவை இரண்டு. ஒன்று, ஆம்ப்ளிஃபயர். அதன் ஸ்பீக்கரை அம்மாவின் மண்பானைக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன். அப்போதுதான் 'பேஸ்', அதாவது கனத்த அடிச்சத்தம், வரும். அதன் வால்யூம் குமிழை மட்டும் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டேன். இடப்பக்கம் திருகினால் சத்தம் கூடும். எனக்குத் தெரியும், போதாதா?

இன்னொன்று, வயரில்லாத மைக். சோப்பு டப்பாவுக்குள் அடங்கும். அதில் பேசினால் எஃப்.எம். ரேடியோவில் கேட்கும். ரேடியோவை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் தெருவே கேட்கும். ஸ்விட்ச் வைக்கவில்லை. பேட்டரியைக் கழற்றினால் நிற்கப் போகிறது, ஸ்விட்ச் எதற்கு என்று நினைத்த மேதை நான்.

அப்போதுதான் கிரேஸ் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை டேனியல், ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போ மெக்கானிக். எல்லாம் பொருந்தியது. ஒன்றைத் தவிர. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் சொல்லியிருந்தார். அப்பாவும் சரி என்றுவிட்டார். அக்கா அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. ஒரு வாரமாக அவள் வீட்டில் வாயே திறக்கவில்லை. நான் மைக்குக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

பெண் பார்க்கும் நாளில் ஹாலில் பத்துப் பேர். பெரியப்பா ஜெபம் செய்ய வேண்டும். பத்துப் பேருக்கு மைக் வேண்டும் என்று அடம்பிடித்தவன் அடியேன்.

"ஏண்டா, எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்காதா?" என்றார் அப்பா.

"எஃபெக்ட் வரும்பா" என்றேன்.

எஃபெக்ட் வந்தது. பெரியப்பா தன் குரலில் தானே மயங்கி இருபது நிமிடம் ஜெபித்தார். 'ஆமென்' சொன்னதும் டப்பாவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஜ்ஜி பரிமாறிவிட்டு, அக்காவை அழைத்துவர ஓடினேன். பேட்டரியைக் கழற்றினேனா? இல்லை.

எங்கள் வீட்டில் இடமில்லாததால் அக்காவைப் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவின் சமையலறையில் உட்காரவைத்து அலங்காரம் நடந்தது.

"இன்னாடா, எப்டி கீறாரு மாப்ள?" என்று மும்தாஜ் அக்கா பூவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆள் பரவால்ல. மீசைதான் வாடகைக்கு எடுத்த மாதிரி இருக்கு. அவங்கம்மா ஏழு பஜ்ஜி சாப்ட்டாங்க. நான் எண்ணினேன்."

மும்தாஜ் அக்கா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

"மீசை எப்படி இருந்தா எனக்கென்னடா? மூணு வருஷம் கஷ்டப்பட்டு இந்த வேலைக்கு வந்தேன். நான் பாஸ் பண்ணாத பீஸ் வெளிய போகாது, தெரியுமா? அதை விட்டுட்டு வான்னு சொல்றாங்க. அப்பா என்னை ஒரு வார்த்தை கேக்கல. அந்த மனுஷனாவது கேட்டிருக்கலாம். வேலைய விடணும்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம். அப்பா முகத்தைப் பாத்தா சொல்ல வரல."

அந்த நேரம் பார்த்து வெளியே எங்கேயோ ஸ்பீக்கர் அலறியது. யாரோ ஒரு பெண் பேசுகிறாள். 'நல்ல செட்டு, குரல் எவ்வளவு சுத்தம்' என்று மனதுக்குள் பாராட்டினேன் (சத்தியமாக).

"டேய்" என்றாள் அக்கா.

"டேய்" என்றது ஸ்பீக்கர்.

அக்கா என் சட்டைப்பையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஹாலில் நடந்ததை அப்பா பிறகு சொன்னார். மீசைப் பேச்சு வரும்போதே அவர் பாய்ந்து வால்யூமைக் குறைத்திருக்கிறார். அதாவது கூட்டியிருக்கிறார். பதறிப்போய் இன்னும் குறைக்க, பஜ்ஜிக் கணக்கு அடுத்த தெரு வரை போய்விட்டது. பிளக், மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால். "தம்பி, புடுங்குங்க!" என்று எல்லாரும் கத்தினார்கள். மாப்பிள்ளை பிளக்கில் கை வைத்தார். சரியாக அப்போதுதான் அக்கா அழத் தொடங்கினாள். கையை எடுத்துவிட்டாராம்.

"இருங்க. அவங்க பேசி முடிக்கட்டும்."

நான் தலை குனிந்து ஹாலுக்குள் நுழைந்தேன். பின்னால் அக்கா, முகம் வீங்கி, பூ பாதி தொங்க.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "உங்களாண்ட நான் கேட்டிருக்கணும். தப்புதான். நானும் டிப்போல கை அழுக்காக்கினு வர்றவன். வேலைய நீங்க விட வேணாம்." அப்புறம் அவருடைய அம்மாவைப் பார்த்தார்.

அந்த அம்மாள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "வேலைக்குப் போற பொண்ணுக்கு வாய் இருக்கும்னு தெரியும். இவ்ளோ சத்தமா இருக்கும்னு தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் சாப்ட்டது அஞ்சு."

ஏழுதான். ஆனால் அதைச் சொல்லுகிற இடமா அது?

மூன்றாம் மாதம் கல்யாணம். அக்கா இன்றைக்கும் வேலைக்குப் போகிறாள். அந்தப் பிரிவே இப்போது அவள் பொறுப்பில். அப்பா மட்டும் அன்றிரவு என்னைத் திட்டவில்லை. "அவளை நான் கேக்கவே இல்லல்லடா" என்றார், அவ்வளவுதான். நான் செய்த எத்தனையோ கருவிகளில் உருப்படியாக வேலை செய்தது அந்த ஒன்றுதான். அதுவும் நான் அணைக்க மறந்ததால். அதற்காகக் கர்த்தருக்கு இன்றும் மனதார நன்றி சொல்கிறேன்.

எட்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்க வேப்பம்பட்டு போனோம். கேட்டிலேயே மாமா (டேனியல்தான்) என்னை நிறுத்தி, பெண் வீட்டார் பார்க்கப் பார்க்க, என் சட்டைப்பை, பேன்ட் பாக்கெட் எல்லாவற்றையும் தடவினார். "இன்னா மச்சான், ஒண்ணும் ஆன்ல இல்லியே?" இன்று வரை எந்த விசேஷத்துக்குப் போனாலும் எனக்கு இந்தச் சோதனை உண்டு. உள்ளே போனதும் பெண்ணின் அப்பாவிடம் மாமா சொன்னார்: "நாம இங்க சும்மா உக்காருவோம் சார். எங்க வீட்டம்மா போய் பொண்ணாண்ட தனியா கேட்டுகினு வரட்டும். அது இன்னா சொல்லுதோ, அதுக்கப்புறம் பேசலாம்." எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணப் பேச்சும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அரை மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தாள்.

"பொண்ணுக்குச் சம்மதம். ஒரே ஒரு கண்டிஷன். இவன் வயரு, பானை எல்லாம் வீட்டுக்குள்ள வரக் கூடாதாம். மொட்டை மாடியில வச்சுக்கட்டும்னு சொல்றா."

இதை மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மழை வந்தால் கீழே இறங்க அனுமதி உண்டு.