ராக்கெட் பொத்தான்காரர்

பொத்தான்காரர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பாலத்தை யாரோ வெயிலில் வெந்து கட்டுவார்கள், ரிப்பனை இவர் வெட்டுவார். குழாயை யாரோ பதிப்பார்கள், முதல் தண்ணீர் இவர் கைபட்டுத்தான் விழும். தெருவிளக்கு கூட இவர் வந்து பார்த்த பிறகுதான் எரியத் துணியும். இந்த இனத்தின் உச்சாணிக்கொம்பில் உட்கார்ந்திருப்பவர் ராக்கெட் பொத்தான்காரர்.

ராக்கெட்டில் அப்படி என்ன விசேஷம்? பாலம் என்றால் நாலு ஊருக்குத் தெரியும். ராக்கெட் என்றால் நாடே அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்து பார்க்கிறவர்கள் தெருவில் இருக்கும் பள்ளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு மந்திரிக்கு வேறென்ன வேண்டும்?

நம் மந்திரியும் அப்படித்தான். ராக்கெட் ஏறினால் “நாங்கள் ஏவினோம்” என்பார். கடலில் விழுந்தால் “விஞ்ஞானிகளிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன்” என்பார். பக்கத்து நாட்டுக்காரன் ஒன்று விட்டால், அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

அவருக்காக ஏவுதளத்தில் சிவப்பாக ஒரு பொத்தான் உண்டு. தொட்டால் விளக்கு எரியும். அதிலிருந்து கிளம்பும் கம்பி மேஜைக்கு அடியில் கொஞ்ச தூரம் போய், டேப் சுற்றிக்கொண்டு சும்மா தொங்கும். ராக்கெட்டைக் கிளப்புவது உள்ளறையில் இருக்கும் கம்ப்யூட்டர். முன்பிருந்த மந்திரியின் மனம் நோகக்கூடாது என்று எலக்ட்ரீஷியன் செய்து கொடுத்த பொத்தான் இது. இந்த ரகசியம் ஏவுதளத்தின் இயக்குநர் அம்மாளுக்கும் உள்ளறைக்காரர்களுக்கும் அந்த எலக்ட்ரீஷியனுக்கும் மட்டுமே தெரியும்.

அன்றைக்கு ராக்கெட்டுக்குள் இருந்தது புயலை முன்கூட்டியே சொல்லும் செயற்கைக்கோள். அம்மாள் தன் பாதி வயதை அதற்குக் கொடுத்திருந்தார். போனால் இன்னொன்று கிடையாது. காலையில் பார்த்தால் எரிபொருள் வால்வு ஒன்று கசிகிறது. விருந்தினர் அறைக்கு ஓடினார். மந்திரி டிவிக்காகப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு வால்வு கசியுது. ஒரு மாசம் தள்ளிப் போடணும்.”

“ஒரு மாசம் கழிச்சு நான் மந்திரியா இருக்க வேண்டாமாம்மா? ஞாயித்துக்கிழமை ஓட்டு.”

“வெடிச்சிடும் சார்.”

மந்திரி கண்ணாடியில் தன் மூக்கை ஒருமுறை சரிபார்த்தார்.

“எவ்வளவு உயரம் போய் வெடிக்கும்?”

பாவம், அம்மாள் நிஜமாகவே மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

“மேகத்தைத் தாண்டிடும்ல? அப்பச் சரி. டிவில அதுவரைக்கும் காட்டினாப் போதும்.”

அம்மாள் உள்ளறைக்குப் போனார். வெளியே ஒலிபெருக்கி எண்ண ஆரம்பித்தது. கேமராக்கள் மந்திரியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைசி நேரத்தில் அம்மாள் வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு, “நிறுத்துங்க” என்றார். கம்ப்யூட்டரை நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது பூஜ்ஜியம் வரைக்கும் எண்ணி முடித்தது.

மந்திரி அழுத்தினார். விளக்கு எரிந்தது. ராக்கெட் நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி அழுத்தினார். கட்டைவிரலால் அழுத்தினார். முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது, கேமரா இருக்கிறதே. பக்கத்தில் வந்து நின்ற அம்மாளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“என்னம்மா பண்ணித் தொலைச்சே?”

உண்மையைச் சொல்லத்தான் அம்மாள் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“நீங்கதான் சார் காப்பாத்தினீங்க. இது நிறுத்துற பொத்தான். நீங்க அழுத்தலைன்னா எல்லாம் வெடிச்சுச் சிதறியிருக்கும்.”

மந்திரி சிவப்புப் பொத்தானைப் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

“தெரிஞ்சுதான்மா அழுத்தினேன்” என்றார்.

அப்புறம் மைக்கைக் கேட்டு வாங்கி, விஞ்ஞானிகள் அவசரப்பட்டதையும், தன் மனதில் ஏதோ தட்டியதையும், நாட்டின் சொத்தைத் தன் ஒற்றை விரல் காப்பாற்றியதையும் விலாவாரியாகச் சொன்னார். அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். வால்வை மாற்ற ஒரு மாதம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மந்திரி அமோகமாக ஜெயித்தார்.

அடுத்த மாதம் ராக்கெட் ஏறியது. மேகத்தைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனது. பின்வரிசையில் நின்று அம்மாள் தேம்பித் தேம்பி அழுதார், அவ்வளவு சந்தோஷம். முன்வரிசையில் மந்திரி, தனக்காகப் புதிதாக வைத்த பச்சைப் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் போட்டோவுக்கு நின்றார். அதன் கம்பியும் சிவப்புக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். ஏற்கெனவே விளக்கு எரிகிற லிஃப்ட் பொத்தானை இன்றைக்குக் காலையில் இன்னொரு தடவை அழுத்திவிட்டு, லிஃப்ட் வந்ததும் பக்கத்தில் நின்றவரைப் பெருமையாகப் பார்த்தது யார்? சரி, அதையாவது விடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வரிசையில் நின்று, மந்திரியின் சின்னத்துக்கு நேராக இருந்த பொத்தானைத் தேடி அழுத்தியது யார்? அதற்கு மட்டும் கம்பியைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார்கள்.