கேரம் கிளப் மாடியில் ஒரு ஃபார்முலா

மனித மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கடவுளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர் எங்கள் கல்மண்டபம் ஏரியாவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். கடவுளைக்கூட மரியாதைக்காகத்தான் முன்னால் விட்டிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எல்லோருக்கும் அவர் ஃபார்முலா. பெற்றவர்கள் வைத்த பெயர் கூரியர்காரருக்கு மட்டும் தெரியும். எங்கள் கேரம் கிளப்பின் மாடி அறையில் குடியிருந்தார். மனுஷ மூளை எப்படி முடிவெடுக்கிறது என்பதைக் கணக்காக எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. அந்தக் கணக்குக்கு மாடல் என்று பெயராம்.

டீக்கடையில் நான் வாயைத் திறக்கும் முன்பே, எனக்கு லைட் டீ, சர்க்கரை கம்மி என்று மாஸ்டரிடம் சொல்லிவிடுவார். சரியாகத்தான் இருக்கும். அந்தக் கடுப்பிலேயே காபி கேட்பேன். மறுநாள் என் வீம்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வந்து, "இன்னிக்கு காபி" என்பார். அவர் வாயை அடைப்பதற்காகவே கொஞ்ச நாள் ராகி மால்ட் குடித்துத் தொலைத்தேன்.

ஒரு நாள் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற கஸ்தூரி அக்காவிடம் போய், இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று பணிவாகத் தெரிவித்தார். அக்கா அவரோடேயே போட்டாள். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தார். கணக்கு பலித்துவிட்டதாம்.

பிறகு கேரம் பக்கம் திரும்பினார். கிளப்பில் நடக்கிற ஆட்டத்தையெல்லாம் செல்போனில் படம் பிடித்து, யார் எந்த நேரத்தில் எந்தக் காயைக் குறி வைப்பார்கள், எப்போது சொதப்புவார்கள் என்று மாடலுக்குள் ஏற்றினார். அந்த நேரத்தில்தான் எங்கள் கிளப் டெய்சி மாநிலப் போட்டியின் ஃபைனலுக்கு வந்தாள். ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அவள் அப்பா ஹார்பரில் காலை உடைத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தார். குடும்பமே அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

கேரமில் சிவப்புக் காயைப் போட்டால் மட்டும் ஆகாது. அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்றையும் போட வேண்டும். அதற்குப் பெயர் ஃபாலோ. கூட்டம் கூடிவிட்டால் டெய்சிக்கு அந்த அடியில்தான் குறி தவறும். பொண்ணு ஜெயிக்குமா என்று ஃபார்முலாவிடம் கேட்டேன். மாடல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். அந்த வாரம் முழுக்க அதே பதில்தான். டீக்கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. தாடி வேறு முளைத்துவிட்டது.

ஃபைனலில் கடைசி போர்டு. டெய்சி சிவப்பைப் போட்டுவிட்டாள். ஃபாலோவும் விழுந்தால் கோப்பை அவளுக்கு. ஃபார்முலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து நசுக்கினார். ஃபாலோ காய் குழியின் ஓரத்தில் இடித்து, விழலாமா வேண்டாமா என்று சற்று யோசித்து, விழுந்தது.

டெய்சியின் அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஃபார்முலாவைக் காணோமே என்று தேடிப் போனால், வாசல்படியில் உட்கார்ந்து அவரும் அழுதுகொண்டிருந்தார்.

"இன்னா நைனா, உன் மாடல் இன்னாதான் சொல்ச்சு?" என்றேன்.

"அது போன வாரமே சொல்ட்ச்சு மாமு. ஃபாலோ மிஸ் ஆவும், பொண்ணு தோத்துடும்னு. எத்தினி தபா ஓட்னாலும் அதேதான்."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எங்கியாவது ஒரு தப்பு இருக்கணுமேன்னு தேடிகினு இருந்தேன். கெடைக்கவே இல்ல" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வருஷக்கணக்கான உழைப்பு பொய்த்துப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டு அழுத மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.