கூடினால் வெட்டிக்கொள்ளலாம்

அளந்து பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு ரகம். வாங்கிவிட்டு அளக்கிறவர்கள் ஒரு ரகம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அவர்கள் அளப்பதே இல்லை. பொருளைக் கையில் வாங்குவார்கள், ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார்கள், "சேரும்" என்பார்கள். தீர்ப்பு எழுதியாயிற்று! இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'சேரும் அண்ணாச்சி'. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். குக்கருக்கு வேறு கம்பெனி காஸ்கெட்டை மாட்டிக் கொடுத்து, சோறு பாதி கூரையில் போய் ஒட்டிய பிறகு, "கூரை ரொம்பத் தாழ்வு" என்று சொல்லிவிட்டுப் போவாரே, அவர்தான்.

எங்கள் சிவகாசியின் சேரும் அண்ணாச்சி தங்கச்சாமி. அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். பட்டாசுப் பெட்டி லேபிளோ காலண்டர் தாளோ, அவர் கத்திக்கு அடியில் போனால் கோணல் நேராகிவிடும். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் காலமெல்லாம் காகிதம் வெட்டிய மனிதர், உலகமே காகிதம் என்று முடிவு கட்டிவிட்டார். செருப்பு கடித்தால் செருப்பை வெட்டுவார். கதவு இடித்தால் கதவைச் செதுக்குவார். "கூடுனா வெட்டிக்கிடலாம், குறைஞ்சாத்தான் ஒட்ட முடியாது" என்பது அவருடைய வேதம்.

யோகேஸ்வரி அந்த அச்சகம் இருக்கும் தெருவிலேயே கடை போட்டு, அவருடைய அச்சகத்துக்கே காலண்டர் படம் டிசைன் செய்கிற பெண். எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். அதில் ஏறிய படத்துக்குத்தான் ஆர்டர் வரும். ஏறாத படத்தை நாய்கூடச் சீந்தாது. இருக்கன்குடி மாரியம்மன் படம் ஒன்று அவள் கையில் பாக்கி இருந்தது. அம்மன் புடவையில் ஒரு சரிகையை நகர்த்தினால் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும். போய் டீ குடித்துவிட்டு வந்தால் சரிகை பாதி தூரம் வந்திருக்கும். ரேம் என்கிற நினைவகத்தைக் கூட்டினால்தான் ஆடிப்பெருக்குக்குள் முடியும். இதை டீக்கடையில் வாய்விட்டுச் சொன்னதுதான் அவள் செய்த பாவம்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி ஆஜர். சட்டைப்பையில், மருமகன் ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு ரேம்.

யோகேஸ்வரி கெட்டிக்காரி. பழையதைக் கழற்றி, இரண்டின் மேலும் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"அண்ணாச்சி, நம்மகிட்ட இருக்கது டிடிஆர் டூ. நீங்க கொண்டாந்தது டிடிஆர் த்ரீ. சேராது. பாருங்க, அடியில இருக்க வெட்டுகூட வேற வேற இடத்துல இருக்கு."

"ரெண்டு கேட்ட இடத்துல மூணு கொண்டாந்திருக்கேன். கூடத்தானே தாயி இருக்கு?"

"கூடுறதும் குறையுறதும் இல்ல அண்ணாச்சி, இது இனமே வேற. கடையில கேட்டு, நம்ம மதர்போர்டுக்கு ஏத்ததா வாங்கிக்கிறேன்."

"அம்புட்டு நாளு ஆத்தா காத்திருப்பாளா?"

அவள் கடைக்குப் போன் பேச வாசலுக்குப் போனாள். போகலாமா? சேரும் அண்ணாச்சியையும் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரையும் தனியாக விட்டுவிட்டு யாராவது வெளியே போவார்களா? அண்ணாச்சி தன் பைக்குள் எப்போதும் கிடக்கும் அரத்தை எடுத்தார், தான் கொண்டுவந்த ரேமின் வெட்டைக் கரகரவென்று தேவையான இடம்வரை அராவினார், தூளை ஊதினார், இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார், 'டக்' என்ற சத்தம் கேட்டு முகம் மலர்ந்து, சுவிட்சையும் போட்டார்.

கருகல் வாடை வந்தது. வேறு ஊரில் என்றால், என்ன கருகுது என்று எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் பார்ப்பதெல்லாம் அப்புறம், முதலில் ஓட்டம். பக்கத்துக் கடைத் தையல்காரி, டீ மாஸ்டர், சலூனிலிருந்து ஒற்றைக் கன்னத்துச் சோப்போடு ஒருவர், எல்லோரும் தெருமுனை தாண்டித்தான் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் ஓடியவர் யார்? நம் அண்ணாச்சிதான். கையில் அரம் இருந்தது.

போர்டு போயே போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் பிழைத்தது அம்மன் புண்ணியம். வேறு கம்ப்யூட்டர் தேடி, அதை மாட்டி, அவள் வேலையைத் தொடங்குவதற்குள் ஆடிப்பெருக்கு வந்து போய்விட்டது. மாரியம்மன் இல்லாமலே ஆல்பம் வெளியானது. அன்றைக்கு யோகேஸ்வரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதாள். அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? "போர்டு பழசு, புதுசைத் தாங்கலை."

தை மாதம் அவர் மறுபடியும் அவள் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஏன் தாயி, இந்த வருசம் நம்ம பிரஸ்ஸு காலண்டர்ல இருக்கன்குடி ஆத்தாவைக் காணோமே? வீட்டுச் சுவரு மொட்டையாக் கெடக்கு."

யோகேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆல்பத்துல சேரலை அண்ணாச்சி."

"அடப்பாவிகளா! கொஞ்சம் வெட்டிச் சேத்திருக்கலாம்ல?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எந்தப் போனுக்கென்றே தெரியாத சார்ஜர், எந்தப் பூட்டுக்கும் ஆகாத சாவி, எதிலிருந்தோ கழன்ற திருகாணி. எதற்கு வைத்திருக்கிறீர்கள்? எதற்காவது சேரும் என்றுதானே? இருக்கட்டும், பாதகமில்லை. ஆனால் மூலையில் ஓர் அரமும் கிடந்தால், பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருக்கும்போது தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.