மூன்றாவது ஆழாக்கு

பஞ்சாட்சரம் பட்டினி கிடக்கவில்லை. அதுதான் அவருடைய துக்கமே. பட்டினி கிடந்தால் நாலு பேர் ஐயோ பாவம் என்பார்கள். இவருக்கோ மூன்று வேளையும் தட்டு நிறைய வந்தது. காலையில் முளைகட்டிய பயறு. மதியம் துருவிய சுரைக்காய். இரவில் தேங்காய்ச் சில்லும் ஊறவைத்த வேர்க்கடலையும். அதில் எதுவும் அடுப்பின் முகத்தில் விழித்ததில்லை. ஐம்பத்தாறு வயதில், பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டில், ஒரு மனுஷன் ஒரே ஒரு கவளம் சுடுசோற்றுக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு ஏப்பத்தில் ஆரம்பித்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று பந்தியில் உட்கார்ந்துவிட்டு வந்து மூன்று நாள் ஏப்பம் விட்டார். அவருடைய மனைவி ஏலவார்குழலி அந்த மூன்று நாளில் இரண்டு நாளை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இயற்கை உணவு முகாமில் கழித்தாள். திரும்பி வரும்போது ஒரு வார்த்தையோடு வந்தாள்.

"ஏங்க, நம்ப வயித்துல என்சைம்னு ஒண்ணு இருக்குதாம்."

"இருந்துட்டுப் போகட்டும்."

"உங்களுக்குத் தீந்துபோச்சுங்க."

"யார் சொன்னது?"

"உங்க ஏப்பம் சொல்லுது. பச்சைக் காயில அது உயிரோட இருக்குதாம். அடுப்புல வெச்சா செத்துப்போவுதாம். முப்பது வருஷமா நான் உங்களுக்குச் செத்த சோத்தைப் போட்டுக்கினு இருந்திருக்கேன். நினைச்சா மனசே ஆறலை."

"எனக்கு ஆறும். நீ போடு."

அவள் போடவில்லை. நேராக ஏகாம்பரநாதர் சன்னதிக்குப் போய் ஒரு மண்டலம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாற்பத்தெட்டு நாள். வெந்தது எதுவும் வாயில் படக்கூடாது. நடுவில் ஒரு பருக்கை பட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில் ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் அவளும் பக்கத்திலேயே அதே தட்டோடு உட்கார்ந்து அதே பயறை மென்றாள். அதனால் அவருக்குச் சண்டை போடக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவர் தெருக்கோடி டிபன் கடைக்குள் நுழைந்தார். ஒரு இட்லி. ஒன்றே ஒன்று. பிட்டு, சாம்பாரில் தோய்த்து, வாய்க்குக் கொண்டுபோய் விழுங்கிய மறுநொடி பையில் போன் அடித்தது.

"எத்தினி இட்லி?" என்றது குழலியின் குரல்.

கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி மும்முரமாகச் சட்னி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் விரதக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

அதற்குப் பிறகு பஞ்சாட்சரம் அறிவை நம்பினார். மருந்துக்கடை சிவராஜிடம் அரை மணி நேரம் பாடம் கேட்டுவிட்டு, மறந்துவிடாமல் இருக்க வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"குழலி, கேளு. வயித்துல ஆசிட் இருக்குது. நீ போடற என்சைம் அதுல விழுந்ததும் அதோட கதை முடிஞ்சுது. நமக்கு வேண்டிய என்சைமை நம்ப உடம்பே செஞ்சுக்குது. சோறு தின்னாலும் செஞ்சுக்கும்."

"யார் சொன்னது?"

"மருந்துக்கடை சிவராஜ்."

"அவரு மாத்திரை விக்கிறவரு. நீங்க நல்லாயிட்டா அவருக்கு யாவாரம் ஆவுமா?"

"அது சயின்ஸும்மா!"

"சரி. உங்க வயித்துல ஆசிட் இருக்குதா?"

"இருக்குது."

"நிறையவா?"

"நிறைய இருக்குது!" என்றார், ஜெயித்துவிட்ட மிதப்பில்.

"அப்போ வெண்பூசணிச் சாறும் சேர்த்துக்கணும். ஆசிட்டுக்கு அதான்னு முகாம்ல சொன்னாங்க."

மறுநாளிலிருந்து விடிந்ததும் ஒரு சொம்பு பூசணிச் சாறு அவருக்காகக் காத்திருந்தது. படித்தவன் பேச்சைக் கேட்டதற்கு இதுதான் பலன் என்று நொந்துபோய், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று மனசார நினைத்தார்.

இப்படியே புதுக் கணக்கில் நாற்பத்திரண்டு நாள் போயிற்று. வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. கனவில் ரசம் கொதித்தது. அப்போதுதான் புதுப் பாவு வந்து இறங்கியது.

தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றும் முன் தெருவில் நீள இழுத்துக் கட்டி, அதற்குக் கஞ்சி போட வேண்டும். அரிசியைக் குழையக் காய்ச்சிப் பிசைந்து வடித்த அசல் கஞ்சி. அது ஏறினால்தான் இழைக்குத் தெம்பு. ஏறாவிட்டால் சாணுக்கு ஒரு இழை அறுந்து உயிரை வாங்கும்.

கஞ்சி என்றால் அரிசி. அரிசி என்றால் அடுப்பு. பஞ்சாட்சரத்துக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கொஞ்சம் சீண்டிப் பார்த்தார்.

"ஏன் குழலி, பாவுக்கும் பச்சை அரிசியவே ஊறவெச்சுத் தடவிட்டா என்ன? என்சைம் சாவாது பாரு."

"கிண்டலா? பாவு என்ன ஏப்பமா விடுது?"

மனுஷனுக்கு இல்லாத சோறு நூலுக்கு உண்டு என்று ஆகிவிட்டது. குழலி பீரோவைத் திறந்து ரெகுலேட்டரை எடுத்துக் கொடுத்தாள். அரிசிப் பானையிலிருந்து அளந்து கொட்டினாள். ஒரு ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு. மூன்று ஆழாக்கு.

ஒரு பாவுக்கு இரண்டு ஆழாக்குதான் கணக்கு. பஞ்சாட்சரம் அதைச் சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். பயறு தின்று தின்று இவளுக்கு அளவே மறந்துபோச்சு, நம்ப நேரம் திரும்பிடுச்சு என்று உள்ளுக்குள் துள்ளினார்.

"விரதத்துல நான் அடுப்புகிட்ட வரமாட்டேன். காலையில நீங்களே காச்சி இறக்கிடுங்க. பிசைஞ்சு வடிச்சு நான் எடுத்தாறேன்," என்றாள் அவள்.

விடிகாலை ஐந்து மணிக்கு உலை கொதித்தது. அரிசி வெந்து வரும் அந்த வாசனையில் பஞ்சாட்சரம் அழுதேவிட்டார். பொய்யில்லை, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது ஆழாக்கு தன்னுடையது என்று தீர்மானித்தார். பாவுக்குரிய இரண்டில் கை வைக்கப்போவதில்லை. கரண்டியால் அள்ளி, இரண்டு கல் உப்பு போட்டு, நின்றபடியே, ஊதக்கூடப் பொறுமையில்லாமல் விழுங்கினார். நாக்கு சுட்டது. அந்தச் சூடுகூட இனித்தது. கட்டின மனைவியை ஏமாற்றுகிறோமே என்ற குற்ற உணர்ச்சி வந்தது. அதைத் தொட்டுக்கொண்டு இன்னொரு வாய் தின்றார்.

பிறகுதான் பயம் பிடித்தது. தின்றது ஒரு ஆழாக்குத்தானா? பசி எந்த அளவைக் கண்டது? பானையைச் சாய்த்துப் பார்த்தார். இருட்டாக இருந்தது. மூடி போட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

எதிர்வீட்டு மாணிக்கவேல் அங்கே பாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவனும் தறிக்காரன். பாவுக்குக் கஞ்சி போடும்போது இவர் வீட்டுக்கு அவனும் அவன் வீட்டுக்கு இவரும் கைகொடுப்பது வழக்கம். கொஞ்ச நேரத்தில் குழலி கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். மாணிக்கவேல் விரலை விட்டு எடுத்தான்.

"என்னாண்ணே, கஞ்சி தண்ணியா இருக்குது?"

"இந்தப் பட்டுக்கு இது போதும்பா. தடவு தடவு, வெயில் ஏறிடப்போவுது," என்று அவசரப்படுத்தினார் பஞ்சாட்சரம். குழலியும் கஞ்சியை வைத்த கையோடு உள்ளே போய்விட்டாள்.

நாற்பத்தேழாம் நாள் நெசவு தொடங்கியது. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோர்த்து நெய்யும் கோர்வைப் புடவை. நெய்ய இரண்டு பேர் வேண்டும். தறிக்குழியில் காலை விட்டு நடுவில் அவர், கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வலப்பக்கம் அவள். இன்னும் ஒரே நாள், நாளை மறுநாள் ரசம் சோறு என்று மனசுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு மிதியை மிதித்தார். ஒரு இழை அறுந்தது. இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்து. பஞ்சாட்சரம் சத்தம் காட்டாமல் முடிச்சுப் போட்டார்.

"மறுபடியும் அறுந்துச்சா?"

"இல்லையே. சும்மா தடவிப் பாத்தேன்."

"முடிச்சுப் போடறீங்களே."

"முடிச்சும் போட்டுப் பாத்தேன்."

"ஏன் இப்படி அறுவுது?"

"காத்துல ஈரம் ஜாஸ்தி குழலி."

"வெளியில வெயில் மண்டையப் பொளக்குது."

"அப்போ அந்த வெயில்தான் காரணம்."

அவள் எழுந்து வாசலுக்குப் போய் மாணிக்கவேலைக் கூப்பிட்டாள். அவன் வந்து இழையை இரண்டு விரலில் உருட்டினான்.

"பட்டு மேல குத்தம் இல்லண்ணே. கஞ்சியே ஏறல. எவ்ளோ அரிசி போட்டீங்க?"

"மூணு ஆழாக்கு அளந்து குடுத்தேன்," என்றாள் குழலி.

"மூணா? மூணு போட்டா கூழு மாதிரி வந்திருக்குமே! சோறு எங்க போச்சு?"

ஒரு கணம் குழலி கண்ணைத் தாழ்த்தினாள். உடனே நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

"காச்சினது அவருதான். நான் அடுப்புகிட்டயே போவல."

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். பஞ்சாட்சரம் குழிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கப் பார்த்தார். குழிக்கு அதற்கு மேல் ஆழமில்லை.

"வெந்துச்சான்னு ருசி பாத்தேன்."

"எவ்ளோ?"

"ஒரு... ஆழாக்கு."

"பாவு வாயில மண்ணைப் போட்டுட்டியேண்ணே!" என்று மாணிக்கவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே வெளியே போனான். அடுத்த நிமிஷமே தெருவில் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

குழலி திட்டவில்லை. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "நாளையோட முடிஞ்சிருக்கும். பாயசத்துக்கு சேமியாகூட வாங்கி வெச்சிருந்தேன். நாளைக்கு மறுபடியும் ஒண்ணு," என்று சொல்லிவிட்டு, சுரைக்காய் துருவ உள்ளே போனாள்.

பஞ்சாட்சரம் தறியிலேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் நாற்பத்தெட்டு நாள். அதற்குள் தன் ஆவி பூசணிச் சாற்றோடு கரைந்துவிடும் என்றே அவருக்குத் தோன்றியது. நொந்துபோய் விரல் விட்டு எண்ணினார். மூன்று ஆழாக்கு. தின்றது ஒன்று. மிச்சம் இரண்டு. பாவுக்கு வேண்டியதும் இரண்டுதானே? மறுபடி எண்ணினார். குழியிலிருந்து துள்ளி எழுந்து அடுக்களைக்கு ஓடினார்.

"குழலி! நான் தின்னது ஒண்ணு. பானையில ரெண்டு இருந்துச்சு. பாவுக்கு ரெண்டு போதும். பின்ன கஞ்சி எப்படித் தண்ணியாச்சு?"

துருவிக்கொண்டிருந்த கை நின்றது. முப்பது வருஷத்தில் அந்தக் கை அப்படி நின்று அவர் பார்த்ததில்லை.

"பிசையும்போது..." என்றாள்.

"ம்ம், பிசையும்போது?"

"எனக்குன்னுதான் ஒரு ஆழாக்கு சேர்த்து அளந்தேன். அதுல நீங்க முன்னாடியே கை வெச்சிருப்பீங்கன்னு நான் கண்டேனா? குழைஞ்சு அடங்கிடுச்சுன்னு நினைச்சேன். ஒரு துண்டு மாங்கா ஊறுகாய் தொட்டுக்கினு..."

பஞ்சாட்சரம் அடுக்களையிலேயே குதித்தார். முப்பது வருஷத்துத் தோல்விக்கெல்லாம் ஒரே நாளில் பதில் கிடைத்துவிட்டது.

"ஆப்ட்டுக்கினியா! உன் மண்டலமும் அன்னிக்கே போச்சு! எடு ரெகுலேட்டரை. வை ரசத்தை. ரெண்டு பேரும் ஒண்ணா கெட்டுப்போலாம் வா!"

"எனக்கு ஏதுங்க மண்டலம்?"

"என்னது?"

"ஏகாம்பரநாதர்கிட்ட உங்க பேரு, உங்க நட்சத்திரம் சொல்லித்தான் வேண்டிக்கினேன். என்சைம் இல்லாதது உங்க வயித்துலதானே? நீங்க தனியா தின்னா பாவமா இருக்குமேன்னு கூட உக்காந்து ரெண்டு வாய் மென்னேன்."

துருவிய சுரைக்காயைத் தட்டில் குவித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குன்னு எதுக்குத் தள்ளிப் போடணும்? இன்னிக்கே முதல் நாளா வெச்சுக்கலாம், உக்காருங்க."